நீல அட்டையா, பிங்க் அட்டையா?

சிங்கப்பூரில் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்ட தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு நிரந்தரவாசியாகவே, அதாவது நீல அட்டையோடு, இருந்துவிடலாமா? இல்லை, குடியுரிமை வாங்கி பிங்க் அட்டைக்கு மாறி, ஊருக்குப் போய்வர ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) எடுத்துக்கொள்ளலாமா? இரண்டு நாடுகளுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஒன்றை விட்டால்தான் மற்றது.

"பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டா அப்பா நிலத்துல பங்கு போயிடுமா?" என்பதுதான் பலருக்கும் முதல் பயம். போகாது. வெளிநாடுவாழ் இந்தியரும் சரி, ஓசிஐ வைத்திருப்பவரும் சரி, விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். வீடு, மனை இருவருமே வாங்கலாம். ஆக, நிலத்துக்காக மட்டும் தயங்குகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை.

ஓட்டில்தான் வித்தியாசம். இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் போய்த்தான் போட வேண்டும். அதற்காக விமானம் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? ஓசிஐக்கு அந்த ஓட்டும் இல்லை, பொதுவாக அரசு வேலையும் இல்லை. சிங்கப்பூரில் நிரந்தரவாசிக்கு ஓட்டே கிடையாது. குடிமகனுக்கு 21 வயதிலிருந்து உண்டு, அதுவும் கட்டாயம். போடாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். தக்க காரணம் இல்லையென்றால் திரும்பச் சேர்க்க 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும்.

வீட்டுக் கணக்கு நேரானது. கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால் வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் புது வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. அந்தக் கழகத்தின் மறுவிற்பனை வீடு வாங்கவும் இருவரும் நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி: ஆறு லட்சம் வெள்ளி வீடென்றால் முப்பதாயிரம். குடிமகனுக்கு முதல் வீட்டில் அந்த வரி இல்லை. வெளிநாடு போனாலும் தகுதி இழக்காமல் திரும்பிவர வேண்டிய மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும் கவலையும் நிரந்தரவாசிக்குச் சேர்ந்துகொள்ளும்.

இத்தனையையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது மகனின் தேசிய சேவை, அதாவது ஆண்களுக்கான கட்டாய இராணுவ, காவல், குடிமைத் தற்காப்புச் சேவை. தந்தை முதல் தலைமுறை நிரந்தரவாசியாக இருந்து அதிலிருந்து தப்பியிருப்பார். அவர் வழியாக அந்தத் தகுதி பெற்ற மகனுக்கு விலக்கு இல்லை. முழுநேரமாக இரண்டு ஆண்டு, அப்புறம் 40 வயது வரை, அதிகாரியானால் 50 வரை, மறுபயிற்சி. சேவை செய்யாமல் தகுதியைத் துறந்தால், பிறகு படிக்கவோ வேலைக்கோ இங்கே வர விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும்.

தெக்கோங் தீவில் பயிற்சிக்குச் சேரும் நாளில் பெற்றோரையும் படகில் கூட்டிப்போகிறார்கள். பிள்ளைகள் படுக்கப்போகும் கட்டிலைக் காட்டி, அவர்கள் சாப்பிடப்போகும் கூடத்திலேயே நமக்கும் சாப்பாடு போடுகிறார்கள். அந்த மேசையில் நீல அட்டை வீட்டுப் பையனும் பிங்க் அட்டை வீட்டுப் பையனும் அடுத்தடுத்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். இருவருக்கும் அன்றைக்கே தலைமுடி போகும். ஆனால் 21 வயதில் ஒருவன் ஓட்டுப் போடுவான், மற்றவன் வேடிக்கை பார்ப்பான். துப்பாக்கி தூக்கும் பொறுப்பு முழுதாக வந்து, யார் ஆள வேண்டும் என்று சொல்லும் உரிமை வராமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால், இங்கேயே இருக்கப்போகிறோம் என்று மனதுக்குத் தெரிந்தவர்கள் பிங்க் அட்டைக்கே போகலாம் என்பேன். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஐந்தாறு வருடத்தில் ஊர் திரும்புவது உறுதியென்றால் நீலமே போதும். அப்படியானால் மகனுக்கு நிரந்தரவாசத் தகுதி கேட்பதற்கு முன்பே நன்றாக யோசியுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அவனுக்கு 13 வயது ஆவதற்குள் வீட்டில் பேசி முடிவெடுங்கள். அதன் பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி வேண்டும். பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிவு செய்ய அழைப்பு வந்துவிடும்.