மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களே, காரின் முன் சில்லுக் காலை லேத் பட்டறைக்குக் கொடுக்க முன்னர் இதை வாசியுங்கள்

மைனர், ஒஸ்ரின், ஒக்ஸ்போர்ட் என்று பழைய இங்கிலிஷ் கார் ஓடுகிற எல்லாருக்கும் எழுதுகிறேன், முக்கியமாக மைனர்காரருக்கு. பட்டறை ஒன்றில் காசு கொடுத்துச் செய்வித்த, முன் சில்லைத் தாங்குகிற காலும் அது பூட்டுகிற ட்ரனியனும் கழன்று என் காரின் இடது முன் சில்லு சுன்னாகத்துக்குக் கிட்ட மடங்கி விழுந்தது. உள்ளே அம்மாவும் மகளும் இருந்தார்கள். ஒழுங்கைக்குள் திருப்புகிற நேரம் என்றபடியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏ9 வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் வேகமாகப் போகும்போது நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் கை நடுங்குகிறது.

மைனரின் முன் பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சில்லைத் தாங்குகிற காலின் அடி நுனியில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்கிற பாகத்துக்குள் மரையோடு மரையாக உட்கார்ந்திருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் கால் சுற்றும். காரின் பாரம் எந்த நேரமும் காலை ட்ரனியனுக்குள் இருந்து மேலே பிடுங்கப் பார்த்துக்கொண்டிருக்கும், மரைதான் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் 1,000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்கச் சொல்கிறார்கள். 1948 இல் வந்த முதல் மைனரில் இருந்து 1971 இல் கார் நிற்பாட்டும் வரைக்கும் இந்த அமைப்பு மாறவில்லை. மரை தேய்ந்தால் கால் கழலும், சில்லு மட்காட்டுக்குள் படுத்துவிடும். இது மைனர்காரர் எல்லாருக்கும் தெரிந்த பயம்.

என்னுடையது 948 சிசி எஞ்சின் போட்ட மைனர் 1000. சில்லை ஜக்கில் தூக்கி ஆட்டிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஆட்டம் இருந்தது. கொழும்பில் பழைய கார் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கிடைத்தவையும் தேய்ந்தவைதான். இங்கிலாந்தில் இருந்து எடுப்பிக்க, பாரமான சாமான் என்றபடியால் அனுப்புகிற செலவே பெரிய காசு. அப்போது ஒருவர் சொல்லித்தான் வேறு ஊரில் இருக்கிற இந்தப் பட்டறைக்குப் போனேன். முதலாளி நன்றாகத்தான் பேசினார். "தம்பி, இங்கிலாந்துக்காரனே வந்து பார்த்துட்டுப் போன வேலை" என்றார். பேசிக்கொண்டது இதுதான்: காலின் தேய்ந்த மரையைக் கொஞ்சம் சிறிதாகக் கடைந்து புது மரை வெட்டுவது, அந்த அளவுக்குப் பொருந்த இஎன்24 என்கிற உறுதியான உருக்கில் புது ட்ரனியன் செய்வது. காலில் வெல்டிங் வைக்கக்கூடாது என்று நானே சொல்லி, பில்லிலும் எழுதுவித்தேன். இரண்டு பக்கத்துக்கும் 85,000 ரூபாய், அரைவாசி முற்பணம்.

சாமான் வந்தபோது எல்லாவற்றுக்கும் தடிப்பாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது, காலும் ட்ரனியனும் ஏற்கெனவே மாட்டியபடி. கையால் திருப்பினால் இறுக்கமாகச் சுற்றியது. புதுசு இறுக்கமாகத்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகும் என்றார்கள்.

சில்லு விழுந்த பிறகு கராஜில் மெக்கானிக் அண்ணை கழற்றிக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். காலில் இருந்த மரை ஒரு தோல் மாதிரி உரிந்து ட்ரனியனுக்குள் சுருண்டு கிடந்தது. உரிந்த இடத்தில், அடியில், என்னுடைய பழைய தேய்ந்த மரை அப்படியே தெரிந்தது, பள்ளத்துக்குள் பழைய கிரீஸின் கறுப்புக்கூடப் போகவில்லை. கடையவே இல்லை. அழுக்கைக்கூடத் துடைக்காமல் சாதாரண வெல்டிங் குச்சியால் மேலே நிரப்பி, அதிலே மரை வெட்டியிருக்கிறார்கள். வெல்டுக்குள் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள். அழுக்கு உருக்கில் வைத்த வெல்ட் பிடிக்காது, சூடாக்காமல் வைத்தால் அதை ஒட்டின இடமும் வெடிக்கும். இது லேத்துக்காரருக்குத் தெரியாத விஷயமே இல்லை.

ட்ரனியன் இன்னும் மோசம். கிரீஸ் அடிக்கிற வாயான நிப்பிள் பூட்டியிருக்கிறது, ஆனால் அதன் பின்னால் ஓட்டை மரை வரைக்கும் போகவில்லை, பாதியில் நிற்கிறது. நான் ஒழுங்காக கிரீஸ் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். கிரீஸ் கன் விறைக்கும், கொஞ்சம் நிப்பிளின் பக்கத்தால் பிதுங்கும், உள்ளே ஒரு சொட்டுப் போயிருக்காது. புது மரை இறுக்கம் என்று அவர்கள் சொன்னதையே அதற்கும் காரணம் சொன்னார்கள். நண்பர் ஒருவர் மூலம் ட்ரனியனின் கடினத்தன்மை பார்த்தோம். பதப்படுத்திய இஎன்24 என்றால் பிரினெல் என்கிற கடினத்தன்மை அளவில் 250 இல் இருந்து 300 வரைக்கும் நிற்கவேண்டும். இது 140. கேற்றுக்கு அடிக்கிற சாதாரண இரும்பு.

பட்டறை முதலாளிக்குப் போன் எடுத்தபோது முதலில் "றோட்டுப் பிழை" என்றார், அப்புறம் நான் குழியில் விட்டிருப்பேன் என்றார், படம் அனுப்பியதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. காசைவிட, அம்மா காரில் வருவாள் என்று தெரிந்தும் அந்தப் பெயின்டை அடித்த மனம்தான் எனக்குத் தாங்கவில்லை.

உள்ளூரில் செய்வது பிழை என்று தயவுசெய்து யாரும் எடுக்கவேண்டாம். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதும், சாமான் வராமல் எங்கள் லேத்துக்காரரே புஷ்ஷும் பின்னும் கடைந்து கொடுத்ததும் எல்லாருக்கும் தெரியும். 1990களில் இலங்கையில் செய்த மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே போயின. கை இருக்கிறது, அறிவும் இருக்கிறது. சொன்ன உருக்கைப் போடாமல் போட்டேன் என்று சொல்வதுதான் களவு.

செய்விக்கப் போகிறவர்கள் பெயின்ட் அடிக்காமல், மாட்டாமல், தனித்தனியாகத் தரச் சொல்லுங்கள். மரையை வெயிலில் பிடித்துப் பாருங்கள், ஓட்டையோ நிற வித்தியாசமோ இருந்தால் அது வெல்ட். நிப்பிளைக் கழற்றி ஒரு கம்பியை விட்டால் உள் மரையில் தெரியவேண்டும். பூட்டின பிறகு கிரீஸ் அடித்தால் மரையின் நுனியால் புது கிரீஸ் வரவேண்டும், வராவிட்டால் காரை எடுக்கவேண்டாம். ஒரு பக்கம் இடது மரை, மற்றப் பக்கம் வலது மரை, அதையும் சரிபாருங்கள். உருக்கின் பெயரை பில்லில் எழுதுவியுங்கள், என் கையில் இன்றைக்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்த பில்தான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி சாமான் வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், அதனால் இழுத்தடிக்காதீர்கள். அவர்களின் அவசர இலக்கம் 1977.

கிட்டடியில் எங்கேயாவது கால் செய்வித்து, அது கறுப்புப் பெயின்டோடு, மாட்டியபடி வந்திருந்தால், இன்றைக்கே சில்லைத் தூக்கி மேலே கீழே ஆட்டிப் பாருங்கள், நிப்பிளையும் கழற்றிப் பாருங்கள். பார்க்கும் வரைக்கும் பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றவேண்டாம்.