சொக்கலிங்கத்தின் மகள் வாசிக்கிறார்: மிண்டி கேலிங்கின் ஒலிநூல்

மிண்டி கேலிங் 2011இல் வெளியிட்ட ‘இஸ் எவ்ரிஒன் ஹேங்கிங் அவுட் வித்தவுட் மீ?’ என்னும் தன்வரலாற்றுக் கட்டுரை நூலின் அச்சுப் பிரதி என் அலமாரியில் நெடுநாளாக இருக்கிறது. மூன்றாவது கட்டுரைக்கு அப்பால் அதில் நான் நகர்ந்ததில்லை. அண்மையில் அதே நூலை அவரே வாசித்திருக்கும் ஒலிவடிவில் வாங்கி, தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் ஐந்து பயணங்களில் கேட்டு முடித்தேன். மொத்தம் ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. அச்சில் சாதாரணமாகத் தோன்றிய பக்கங்களே காதில் விழுந்தபோது, கிண்டி தாண்டியதும் எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு என்னை வாய்விட்டுச் சிரிக்க வைத்தன. எனவே இந்த மதிப்புரையை நூலைப் பற்றியது என்பதைவிட, அதன் ஒலிப்பதிவைப் பற்றியது என்றே கொள்ள வேண்டும்.

கேலிங் நடிகையாக அறியப்பட்டாலும் அடிப்படையில் வசனம் எழுதுபவர். அவருடைய வாக்கியங்கள் வாயால் சொல்லிப் பார்த்து எழுதப்பட்டவை. ஒரு நீண்ட வாக்கியத்தை மூச்சு விடாமல் ஓட்டிச் சென்று, கடைசியில் வரும் சிறு சொல்லை மட்டும் குரல் தாழ்த்தி, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வது போல விட்டுவிடுகிறார். நகைச்சுவை முழுவதும் அந்தத் தாழ்விலேயே இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு அச்சில் எந்த நிறுத்தக்குறியும் கிடையாது. ‘தி ஆபீஸ்’ என்னும் அலுவலக நகைச்சுவைத் தொடரில் அவருடன் பணியாற்றிய மைக்கேல் ஷூரும் பி. ஜே. நோவக்கும் சில இடங்களில் குரல் கொடுத்திருப்பது, எழுத்தாளர்கள் கூடித் தொடரை எழுதும் அறைக்குள் நாமும் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்ட உணர்வைத் தருகிறது.

அவருடைய இயற்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். தந்தை தமிழர், கட்டடக் கலைஞர். தாய் வங்காளி, மகப்பேறு மருத்துவர். இருவரும் சந்தித்துக்கொண்டது மதுரையிலும் அல்ல, கொல்கத்தாவிலும் அல்ல, நைஜீரியாவின் ஒரு மருத்துவமனையில். தாய் அங்கே பணியாற்ற, தந்தை அதே மருத்துவமனையின் புதிய பகுதி ஒன்றின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். 1979இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சில மாதங்களுக்குள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் மிண்டி பிறந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகியிடமிருந்து ‘மிண்டி’ வந்தது. மேடைச் சிரிப்புரைகளில் அறிவிப்பாளர்கள் ‘சொக்கலிங்கம்’ என்பதைச் சொல்லத் தடுமாறியதோடு, அந்தத் தடுமாற்றத்தையே ஒரு நகைச்சுவையாக்கிக் கைதட்டும் வாங்கிக்கொண்டதால், வாலை மட்டும் வைத்துக்கொண்டு ‘கேலிங்’ ஆனார். மதுரைச் சொக்கநாதரின் பெயரிலிருந்து இப்படிக் கத்தரிக்கப்பட்ட துண்டில் ‘கேலி’ என்ற தமிழ்ச் சொல் முழுசாக உட்கார்ந்திருப்பதை அவர் எண்ணியிருக்கமாட்டார். அவருக்குப் பொருத்தமாக நாமே யோசித்திருந்தாலும் இதைவிட நல்ல பெயர் அமைந்திருக்காது.

தந்தையின் ஊர், உறவு, மொழி ஆகியவற்றைத் தேடி இந்த ஒலிநூலை வாங்குவோருக்குத் தீனி குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் சொல்ல வந்தது வேறு கதை.

அந்தக் கதையின் சிறந்த பகுதி, எதிலும் தேறாத தொடக்க ஆண்டுகள். டார்ட்மத் கல்லூரியில் நாடக எழுத்து பயின்று, மாணவர் நாளேட்டுக்குச் சித்திரத் துணுக்கு வரைந்து, உடனடி நாடகக் குழுவில் நடித்து, வளாகத்தில் ஒரு நட்சத்திரமாகத் திரிந்தவர், 2001இல் பட்டம் பெற்றபின் புரூக்ளினில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் செல்கிறார். இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் உதவியாளராக இருக்கிறார். வீட்டில் சும்மா இருந்த பொழுதுகளில், தோழி பிரெண்டா விதர்ஸும் அவரும் இரு ஆண் நடிகர்களைப் போலப் பேசி விளையாடிய விளையாட்டு ஒரு நாடகமானது. மாட் டேமனும் பென் அஃப்லெக்கும் ஆஸ்கர் பெற்ற தங்கள் திரைக்கதையை எழுதவே இல்லை, அது கூரையிலிருந்து அவர்கள் தலைமேல் விழுந்தது என்பதுதான் அதன் கரு. பென்னாக நடித்தவர் மிண்டி. 2002இல் நியூயார்க் ஃபிரிஞ்ச் நாடக விழாவில் அது எதிர்பாராத வெற்றி கண்டது. ஒரு தமிழ்-வங்காளிப் பெண் எந்த ஒப்பனைத் தந்திரமும் இல்லாமல் வெள்ளைக்கார நாயகனாக நிற்பதும், அதைப் பார்வையாளர்கள் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதும் எனக்கு நம் தெருக்கூத்தை நினைவூட்டின.

இதைத் தொடர்ந்து ஒரு தொலைக்காட்சி நிறுவனம் இரு தோழியரையும் வைத்துத் தொடர் எழுதச் சொன்னது. தன்னை வைத்தே தான் எழுதிய பாத்திரத்துக்கு நடிப்புத் தேர்வுக்குச் சென்று, அதில் நிராகரிக்கப்பட்டதை கேலிங் பின்னாளில் பேட்டிகளிலும் சொல்லியிருக்கிறார். அந்தத் தொடர் ஒளிபரப்பாகவும் இல்லை.

பிறகுதான் ‘தி ஆபீஸ்’ தொடரின் அமெரிக்க வடிவத்தை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் அவரை அதற்கு எழுத்தாளராக அழைத்தார். வயது 24, எட்டுப் பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவரே பெண். அந்த இடமும் சிறுபான்மையினரை வேலைக்குச் சேர்ப்பதற்கான தொலைக்காட்சி நிறுவனத்தின் பன்முகத்தன்மைத் திட்டத்தின் வழியே வந்தது என்பதால், சக எழுத்தாளர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் அவருக்கு நெடுங்காலம் இருந்திருக்கிறது. 2005இல் ஒளிபரப்பான இரண்டாம் பகுதியில், இந்திய உச்சரிப்பைக் கிண்டல் செய்து காட்டும் மேலாளரை ஓங்கி அறையும் அமைதியான ஊழியராக கெல்லி கபூர் என்ற பாத்திரத்தில் அவர் முதலில் தோன்றினார். போகப்போக அந்தக் கெல்லி நிறுத்தாமல் பேசும் வாயாடியாக மாறினாள். வெறும் வாணலியில் விழுந்த கடுகு போலப் படபடக்கும் அந்தப் பேச்சை எழுதியவர்களுக்கு மாதிரி வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. மேலாளர் படுக்கையருகே வைத்த மின் அடுப்பில் காலைச் சுட்டுக்கொண்டு அலுவலகத்தையே ஆட்டிவைக்கும் பகுதியும், 2006 நவம்பரில் வந்த தீபாவளிப் பகுதியும் அவர் எழுதியவை. தீபாவளிப் பகுதியில் கெல்லியின் பெற்றோராக வருபவர்கள் அவருடைய சொந்தப் பெற்றோரே. டேனியல்ஸுடன் சேர்ந்து எழுதிய திருமணப் பகுதிக்காக 2010இல் எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

இந்த ஒலிநூலில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட பகுதி ஒன்று உண்டு. அழகானவர்களைப் பட்டியலிடும் ஓர் இதழுக்காகப் புகைப்படம் எடுக்க அழைக்கப்படுகிறார். ஆடைகளுக்குப் பொறுப்பானவர் கொண்டுவந்திருந்த நேர்த்தியான ஆடைகள் எல்லாம் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. அவர் உடலுக்கு ஏற்றதாக மங்கலான நீல நிற ஆடை ஒன்றுதான் தொங்குகிறது. கழிப்பறைக்குள் சென்று அழுகிறார். அழுகை இந்த இடத்தில் குரலில் வரவில்லை. பலசரக்குக் கணக்கு வாசிப்பது போல வாசிக்கிறார். வெளியே வந்ததும், தனக்குப் பிடித்த ஆடையின் முதுகுப் பக்கத்தைக் கிழித்து, வேறு துணி வைத்துத் தைத்தாவது அதையே அணிவேன் என்கிறார். தைத்தும் கொடுக்கிறார்கள். முன்பக்கம் இளவரசி, பின்பக்கம் ஒட்டுப்போட்ட கான்வாஸ் துணி. தன்னிரக்கத்துக்குள் சறுக்கி விழ எல்லா வாய்ப்பும் உள்ள ஒரு நிகழ்ச்சியை, கோபத்தைக் காட்டாமலும் வலியை மறைக்காமலும் சொல்லி முடிப்பது எளிய காரியமல்ல.

எல்லாப் பகுதிகளும் இந்தத் தரத்தில் இல்லை. காதல் படங்களில் வரும் நம்ப முடியாத பெண் வகைகள் பற்றிய கட்டுரை கூர்மையானது. ஆனால் கரோக்கி பாடும் இடத்தில் நடந்துகொள்ளும் முறை, ஆண்கள் காலணி அணிய எடுத்துக்கொள்ளும் நேரம் போன்ற துணுக்குகள், பக்கத்தை நிரப்ப வார இதழ்கள் போடும் சமாச்சாரங்களுக்கு மேலே எழவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியோடு பழக்கமில்லாதவர்களுக்குப் பாதிப் பெயர்கள் காற்றோடு போகும். அச்சு நூலில் நிறைந்திருக்கும் குடும்பப் படங்களும் பள்ளிக்காலப் படங்களும் காதுக்குக் கிடைப்பதில்லை என்பதும் ஓர் இழப்பே. என் பங்குக்கு ஒரு குறை: நான் சந்தா கட்டியிருக்கும் செயலி இணைப்பு அறுபட்ட ஒவ்வொரு முறையும் அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே திரும்பி, ஒரே நகைச்சுவையை மூன்று முறை கேட்க வைத்தது. மூன்றாம் முறையும் அது சிரிப்பூட்டியது என்பதைப் பதிவின் பெருமையாகவே கொள்கிறேன்.

பெரிய குறை, நூல் 2011உடன் நின்றுவிடுவது. அவர் வாழ்வின் கனமான பகுதி அதன் பிறகே வருகிறது. 2012 தொடக்கத்தில் தாய் கணையப் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ‘தி மிண்டி ப்ராஜெக்ட்’ தொடரில் கேலிங் ஏற்ற பாத்திரம் ஒரு மகப்பேறு மருத்துவர். ஃபாக்ஸ் நிறுவனம் மூன்று பருவங்களோடு கைவிட்ட அத்தொடர், ஹூலு என்னும் இணையத் திரைத்தளத்தில் தொடர்ந்து 2017 வரை ஓடியது. 2019இல் அவர் எழுதி, எம்மா தாம்சனோடு நடித்த ‘லேட் நைட்’ படத்தின் நாயகி, ஆண்கள் மட்டுமே உள்ள எழுத்தாளர் அறைக்குள் ஒதுக்கீட்டில் வந்தவர் என்ற பார்வைக்கு ஆளாகி நுழையும் இந்திய வம்சாவளிப் பெண். இந்த ஒலிநூலைக் கேட்டவர்களுக்கு அந்த அறையின் நாற்காலிகள்கூட அடையாளம் தெரியும்.

தமிழ் வாசகர்கள் பலர் அவரை அறிந்தது 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ வழியாகவே இருக்கும். லாங் ஃபிஷருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அத்தொடரின் நாயகி தேவி விஸ்வகுமார் தமிழ்ப் பெண். அதில் நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், பொது அழைப்பில் விண்ணப்பித்த சுமார் 15,000 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட, இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் கனடிய மகள். அதில் வரும் தமிழ் உச்சரிப்பைக் கேட்டு நானும் பல்லைக் கடித்திருக்கிறேன். ஆனால் தந்தையை இழந்த பெண் ஒருத்தி துக்கத்தை வெளியே காட்டத் தெரியாமல் எல்லோரிடமும் எரிந்து விழுவதை அவ்வளவு துல்லியமாக எழுதியவர், 2012க்குப் பிறகான மிண்டி. இந்தப் பதிவில் தாயைப் பற்றிப் பேசும் மிண்டிக்கு இன்னும் அந்த இழப்பு நேரவில்லை. அது தெரிந்தே கேட்கும்போது, தாயின் கண்டிப்பைப் பற்றிய சாதாரணமான வரிகள்கூட வேறு மாதிரி ஒலிக்கின்றன.

வாங்குவதானால் ஒலிவடிவையே வாங்குங்கள். அவர் பேச்சே வேகமானது என்பதால் வேகத்தைக் கூட்ட வேண்டாம். முதல் முறை கேட்பவர்கள் புரூக்ளின் பகுதியிலிருந்து தொடங்கி, நாடகம், ‘தி ஆபீஸ்’, புகைப்பட ஆடை என்று சென்றுவிட்டுப் பள்ளிப் பருவத்துக்குத் திரும்பலாம். காலணிக் கட்டுரையைத் தாண்டிவிட்டால் ஒரு நிலையம் முன்னதாகவே முடிந்துவிடும்.