கீலின் திருகாணி ஆடுகிறதா? பெரிய திருகாணி போட விடாதீர்கள்

திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கும் தேக்கு அலமாரி, பாட்டியின் கல்யாணத்தை ஒட்டித் தாத்தா செய்வித்தது. கடந்த ஐப்பசி மழையின்போது அதன் வலப்பக்கக் கதவு தாழ்ந்துபோய், கீழ்ச்சட்டத்தில் உரசத் தொடங்கியது. மேல் கீலில் இருந்த நான்கு திருகாணிகளில் மூன்று, திருப்புளியால் எவ்வளவு முறுக்கினாலும் சுற்றிக்கொண்டே இருந்தனவே தவிர இறுகவில்லை. சின்ன வேலைதானே என்று, வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பதாகச் சொல்லும் ஒரு சேவையைத் தொலைபேசியில் அழைத்தேன். அதனால் நேர்ந்த சேதம் வேறு யாருக்கும் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வந்தவர் கதவை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, "மூணு கீலும் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். ஆடியது மேல் கீல் ஒன்றுதான் என்று நான் சொன்னதற்கு, மூன்றும் ஒரே மாதிரி இருந்தால்தான் கதவு நிற்கும் என்று பதில் வந்தது, நானும் நம்பிவிட்டேன். பழைய கீல்களைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, பளபளப்பான புதுக் கீல்களை வைத்து, பழைய 1 அங்குல 8 நம்பர் திருகாணிகள் இருந்த இடத்தில் 2 அங்குல 10 நம்பர் திருகாணிகளை (நம்பர் கூடக் கூடத் திருகாணி தடிக்கும்) மின் திருப்புளியால் வரிசையாக இறக்கினார். திருகாணிக்கு வழிவிட முதலில் போடும் சிறு துளையான முன்துளை எதுவும் போடவில்லை. கதவுச் சட்டத்தில் மூன்றாவது திருகாணி இறங்கும்போது 'சடக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. "பழைய மரம், அப்படித்தான் சத்தம் வரும்" என்றார். இருபது நிமிட வேலைக்கு 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

மூன்றே வாரத்தில் அம்மா புடவை எடுக்கத் திறந்தபோது கதவு மேல்பக்கம் கழன்று முன்னால் சாய்ந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் தாங்கிப் பிடிக்க முடிந்தது. இல்லாவிட்டால் அந்தக் கனமான கதவு அம்மாவின் தோளில் விழுந்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

அதன் பிறகுதான், தெரிந்தவர் மூலம் ஒரு மூத்த ஆசாரியை வரவழைத்தேன். அவர் முதலில் செய்தது, ஒரு சிறு காந்தத்தைப் புதுக் கீலின் மேல் வைத்ததுதான். காந்தம் டப்பென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. எங்களுக்குப் போட்டிருந்தது பித்தளை நிறப் பூச்சு கொடுத்த மெல்லிய இரும்புத் தகடு; பையில் போய்ச் சேர்ந்தவையோ கனமான, எந்தக் குறையும் இல்லாத பழைய பித்தளைக் கீல்கள்.

பிறகு சட்டத்தைக் காட்டினார். ஓர் அங்குலக் கனமே உள்ள மரத்தின் விளிம்பில் தடித்த திருகாணியை முன்துளை இல்லாமல் இறக்கியதால், அது ஆப்புப்போல வேலை செய்து மரத்தை நாரோடு பிளந்திருந்தது. விரிசல் ஒரு சாண் நீளம் ஓடியிருந்தது. திருகாணியின் தலையும் கீலின் குழிக்குள் அமராமல் துருத்திக்கொண்டிருந்ததால், கதவை மூடும்போதெல்லாம் இரண்டு தகடுகளும் முட்டி, திருகாணியை வெளியே நெம்பியிருக்கின்றன.

திருகாணி சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கெட்டுப்போனது திருகாணி அல்ல, துளைதான் என்று அவர் விளக்கினார். மழைக்காலத்தில் ஊதியும் கோடையில் சுருங்கியும் கதவின் பாரத்தைப் பல ஆண்டுகள் சுமந்ததில், மரை கவ்வியிருந்த நார்கள் நைந்து தூளாகிவிடுகின்றன. ஆகவே துளைக்கு மறுபடியும் மரம் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு துளையையும் சற்றுப் பெரிதாக்கி, துளைக்குள் இறுக்கமாக அடங்கும் சிறு தேக்குக் குச்சிகளான முளைகளில் ஃபெவிகால் தடவி அடித்து இறக்கினார். விரிசலுக்குள் மெல்லிய தகட்டால் பசையைத் தள்ளி கிளாம்ப் போட்டு இறுக்கினார். "நாளைக்குத்தான் வருவேன், பசை காயாம தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் முளைகளை உளியால் மட்டமாகச் சீவி, 3 மில்லிமீட்டர் பிட்டால் முன்துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி வழி உண்டாக்கி எடுத்த பிறகே, மெழுகு தேய்த்த பித்தளைத் திருகாணியை ஏற்றினார். பித்தளை மெத்தென்ற உலோகம் என்பதால், தேக்கில் நேராக முறுக்கினால் தலை முறிந்துவிடுமாம். கூலியாக 700 ரூபாய் கேட்டார். புதிய பித்தளைக் கீல்களுக்குத் தனியாகச் செலவானது.

ஓரிரு திருகாணிகள் மட்டும் ஆடினால் ஆசாரிகூடத் தேவையில்லை. பல்குத்தும் குச்சிகளையோ மூங்கில் குச்சியையோ பசையில் தோய்த்துத் துளை நிறையச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டி, முன்துளை போட்டுப் பழைய திருகாணியையே ஏற்றலாம். மரத்தூள் அட்டையில் செய்த அலமாரிக்கு இந்த முறை அவ்வளவாக நிற்காது. அட்டை உதிர்ந்திருந்தால் கீலை இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுவதே மேல்.

வேலைக்கு வருபவர் நீளத் திருகாணியைக் கையில் எடுத்தால், அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். கழற்றிய கீலையும் திருகாணியையும் எண்ணி உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பழைய கீல்களைத் திருப்பிக் கேட்டு அந்தச் சேவைக்கு நான்கு முறை பேசினேன். குப்பையில் போட்டுவிட்டதாகத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள்.