பரிசா, வேலை நேரமா? தோட்டத்து மருத்துவ முகாமுக்கு எது பொருந்தும்?

குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டம் நடத்துபவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. முகாமுக்குத் தொழிலாளர்கள் வர வேண்டுமென்றால் பரிசு கொடுப்பதா, கூலி பிடிக்காமல் வேலை நேரத்திலேயே நடத்துவதா?

செலவு
பரிசு: ஆளுக்கு ஒரு ஃபிளாஸ்க்கோ கம்பளியோ.
வேலை நேரம்: ஆளுக்கு ஒரு மணி நேரக் கூலி. கொழுந்து குவியும் மாதங்களில் கனமாகத்தான் இருக்கும்.

வருகை
பரிசு: முதல் முறை வரிசை நிற்கும்.
வேலை நேரம்: எடை போடும் இடத்திலேயே நாற்காலி போடுங்கள். கூடையை இறக்கிய கையோடு அக்காக்கள் ஸ்வெட்டர் கையை மடித்து நீட்டிவிடுவார்கள். ஆனால் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேடேறி வந்த மூச்சோடு பார்த்தால் கூடுதலாகக் காட்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரமாவது சாப்பிட்டிருக்கக் கூடாது. அதனால் காலையில் முதல் வேலையாக அதை முடித்து, சூடாக டிபன் கொடுங்கள்.

நீடிப்பு
பரிசு: அது நின்றால் கூட்டமும் நிற்கும்.
வேலை நேரம்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் பழகிவிடும்.

எதுவானாலும் சர்க்கரை, ரத்த அழுத்த அளவை மேஸ்திரி காதில் விழும்படி சொல்லாதீர்கள். "சுகர்னு தெரிஞ்சா வேலை போயிடுமோ" என்ற பயமே பலரைத் தடுக்கிறது.

ஒரே நாள் கண் பரிசோதனைக்குப் பரிசு போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போலத் தொடர்ந்து பார்க்க வேண்டியவற்றுக்கு வேலை நேரம்தான். கையைக் கடித்தால், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற, வீடு தேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் திட்டம் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.