பயிற்சியை ஒதுக்க விதி போதுமா, ஏஐ ஏஜென்ட் வேண்டுமா?

டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு நடுத்தரக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்குச் சான்றிதழ் வேண்டும். 10 பேருக்கு மேல் வேலை செய்தால், 50 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் முதலுதவிச் சான்றிதழ் உள்ளவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கச் சட்டம். இரவு ஷிஃப்டுக்கும் சேர்த்துத்தான். அந்தச் சான்றிதழும் 3 ஆண்டில் காலாவதியாகிவிடும். யாருக்கு எந்தப் பயிற்சி, எப்போது என்று ஒதுக்க இன்று மூன்று வழிகள் உண்டு: எக்செல், மூடில் போன்ற இணையவழிப் பயிற்சி மென்பொருளில் தானாக ஓடும் விதி, சாட்டில் சொன்னால் செய்துதரும் ஏஐ ஏஜென்ட்.

எக்செல் இருபது பேர் வரை தாங்கும். பார்த்துக்கொள்பவர் லீவில் போனால் எக்செலும் லீவில் போய்விடும். அதை இத்துடன் விட்டுவிடலாம்.

மூடில் 2002 முதல் இருக்கிறது, மென்பொருள் இலவசம். அதில் ‘கோஹார்ட்’ என்ற குழுவை ஒரு பாடத்தோடு இணைத்துவிட்டால், குழுவில் சேர்பவர் தானாகவே பாடத்திலும் சேர்ந்துவிடுவார். நூறு முறை ஓடினாலும் ஒரே விடை. ஆய்வுக்கு வருபவரிடம் ‘இதுதான் விதி’ என்று காட்டலாம். ஆனால் ஆளைச் சரியான குழுவில் யாராவது போட்டிருக்க வேண்டுமே! ‘அடுத்த மாதம் சான்றிதழ் முடிகிற இரவு ஷிஃப்ட்காரர்கள் மட்டும்’ என்று திடீரெனக் கேட்டால், விதி எழுதத் தெரிந்தவரைத் தேடி ஓட வேண்டியதுதான்.

ஏஜென்ட் ஜெயிப்பது இங்கேதான். அதே வாக்கியத்தை அப்படியே தட்டினால் புரிந்துகொள்ளும். உள்ளே நடப்பது இது: மொழி மாதிரிக்கு, அதாவது நாம் எழுதுவதைப் புரிந்துகொண்டு பதில் தரும் ஏஐக்கு, சில கருவிகளைக் கொடுத்திருப்பார்கள். ஆளைத் தேட ஒன்று, பாடத்தைத் தேட ஒன்று, சேர்க்க ஒன்று. மூடிலின் சேர்க்கைக் கருவிக்கு ஆட்களின் பெயரைச் சொன்னால் புரியாது. பயனர் எண், பாட எண், பொறுப்பு எண் ஆகியவற்றைத்தான் வாங்கிக்கொள்ளும். பெயரை எண்ணாக்கும் அந்த இடத்தில்தான் வம்பு. நம்மூர் நிறுவனப் பட்டியலில் எத்தனை கோவெண்டர், எத்தனை நாயுடு, எத்தனை பிள்ளை! ‘கோவெண்டரை ஃபோர்க்லிஃப்ட் பயிற்சியில் போடு’ என்றால், நல்ல ஏஜென்ட் நின்று ‘எந்தக் கோவெண்டர்?’ என்று பணியாளர் எண்ணைக் கேட்கும். மோசமானது முதலில் கிடைத்தவரைப் போட்டுவிட்டு ‘முடிந்தது’ என்று சந்தோஷமாகச் சொல்லும். விற்க வருபவரிடம் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்யச் சொல்வேன்.

அடுத்த சோதனை தேதி. மூடிலின் அந்தக் கருவியில் ‘முடிவு நேரம்’ என்று ஒன்று உண்டு. அது சேர்க்கை முடியும் நேரம். ‘ஜூன் 30க்குள் முடிக்கட்டும்’ என்று நீங்கள் சொன்னதை ஏஜென்ட் அங்கே கொண்டுபோய் வைத்தால், ஜூலையில் பாதி படித்தவருக்குப் பாடமே திறக்காது. கெடு தேதிக்குத் தனி ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் இருக்கிறது. ஒருவரின் வேலைத்திறன் போன்றவற்றை இயந்திரமே கணித்து, அதை மட்டும் வைத்து அவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை எடுப்பதை அதன் 71ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. முதலுதவி வகுப்பில் போடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. ‘திறன் குறைந்தவர்’ என்று ஏஜென்ட் தானே முத்திரை குத்தி, அது பதவி உயர்வுவரை போனால் கதை வேறு.

அப்புறம், ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 1 சதவீதம் திறன் மேம்பாட்டு வரி கட்டுகின்றன. அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற ஏப்ரல் 30க்குள் ‘செட்டா’ என்ற துறைவாரிப் பயிற்சி அமைப்புக்குப் பயிற்சி அறிக்கை போக வேண்டும். எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற அந்த அறிக்கைக் கணக்கை மொழி மாதிரியிடம் விடாதீர்கள். தரவுத்தளமே எண்ணட்டும்.

என் கணக்கு இது: ஆண்டுதோறும் திரும்பி வரும் கட்டாயப் பயிற்சிகள் விதியிடமே இருக்கட்டும். திடீர்த் தேவைகளுக்கு ஏஜென்ட் பட்டியல் போடட்டும், ‘சரி’ பொத்தானை மேற்பார்வையாளர் அழுத்தட்டும். பணியாளர் பட்டியலே குப்பையாக இருந்தால் ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதைத் தள்ளிப்போட்டு, முதலில் பட்டியலைச் சரிசெய்யுங்கள். பிறகு வாங்கும்போது, தவறாகச் சேர்த்ததை ஒரே சொடுக்கில் திரும்பப் பெற முடியுமா, யார் கேட்டு யாரைச் சேர்த்தது என்ற பதிவு இருக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.