ஜூம் எண்ணைப் பார்த்து ஹேண்டிகேம் வாங்காதீர்கள்

குறும்படம் எடுக்கத் துடிக்கும் பிள்ளைக்கு முதல் வீடியோ கேமரா வாங்கப் போகிறவர்கள், மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை எக்ஸ் ஜூம்?" என்பதுதான். உண்மையில் அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் கேட்க வேண்டியது, வெளி மைக் சொருக சாக்கெட் இருக்கிறதா என்பது.

சிக்கன விலையில் எல்லோரும் சொல்லும் பெயர் சோனி சிஎக்ஸ்405. 2015இல் வந்த மாடல். 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், 26.8 மி.மீ. அகலக் கோணம் (இந்த எண் சிறிதாக இருந்தால் ஃபிரேமில் அதிக இடம் அடங்கும்), பேட்டரி இல்லாமல் 190 கிராம் எடை. பகல் வெளிச்சத்தில் இதன் படத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மைக் சாக்கெட்டும் இல்லை, ஹெட்போன் சாக்கெட்டும் இல்லை. கேனான் லெக்ரியா எச்எஃப் ஆர்806இல் இரண்டும் உண்டு. ஆனால் அகலக் கோணம் 38.5 மி.மீ. என்பதால், பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேரை ஒரே ஃபிரேமில் அடக்க முதுகு சுவரில் முட்டும். பானாசோனிக் எச்சி-வி770இல் இரண்டு சாக்கெட்டும் இருக்கின்றன, ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, கையால் மாற்றலாம், படத்தை வாங்கும் சில்லான சென்சாரும் 1/2.3 அங்குலம். சோனியில் இருப்பது அதைவிடச் சிறிய 1/5.8 அங்குலம்தான். பழையதாக நல்ல நிலையில் வி770 கிடைத்தால் புது சிஎக்ஸ்405ஐ விட்டுவிட்டு அதையே எடுங்கள் என்போம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படம் கொஞ்சம் மங்கினாலும் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். கேமராவோடு வரும் மைக், நடிப்பவரின் குரலுக்கு முன்னால் ஷேர் ஆட்டோ ஹாரனையும் ஜூம் மோட்டாரின் கிர்ரையும் வாங்கிக்கொள்ளும். போயா பிஒய்-எம்1 போன்ற காலர் மைக் ஒன்று போதும். அதன் ஒயர் 6 மீட்டர். நடுவில் இருக்கும் சின்னப் பெட்டியில் ஒரு சுவிட்ச் உண்டு: கேமராவுக்கு ஒரு பக்கம், போனுக்கு மறுபக்கம். சுவிட்சைக் கேமராவுக்கான பக்கம் தள்ளினால் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் செல்லில் ஓடும். வேலை முடிந்து அணைக்க மறந்தால் மறுநாள் ஒலி வராது. மாற்று செல் ஒன்று பையில் கிடக்கட்டும்.

மைக் சாக்கெட் இல்லாத கேமராவே வாய்த்துவிட்டால், அதே மைக்கைப் போனில் சொருகித் தனியாகப் பதியலாம். ஒவ்வொரு டேக்கிலும் கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கைதட்டினால் எடிட்டிங்கில் ஒலியையும் படத்தையும் அங்கே பொருத்திக்கொள்ளலாம். அரை மணி, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடும் பட்டிமன்றம், பேட்டி என்றால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் மெல்ல விலகும். தொடக்கத்தில் சரியாக இருந்த உதடசைவு கடைசியில் பிந்தும். இடையிடையே தட்டிக்கொள்வதுதான் வழி.

அடுத்தது 50, 60 விவகாரம். அமெரிக்காவில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ வாங்கி வந்து தருகிற கேமராவில் பெரும்பாலும் இதுதான் மாட்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நம்மூர் டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 1/60 நொடி ஷட்டரில் ஓடும் கேமராவில் அந்தத் துடிப்பு முழு எண்ணாக விழாததால் படத்தில் இருட்டுப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100க்கு மாற்றினால் போய்விடும். ஆனால் மலிவான மாடல்கள் பலவற்றில் ஷட்டரைத் தொடவே வழியில்லை. பழையது வாங்கும்போது மெனுவில் பதிவு முறையைத் திறந்து பாருங்கள்: 50பி (நொடிக்கு 50 முழுப் படம்), 50ஐ (ஒரு வரி விட்டு ஒரு வரியாக எடுக்கும் அரைப் படம்) என்று இருந்தால் சரி, 60பி, 60ஐ மட்டும் இருந்தால் இரவல் வாங்கக்கூட யோசியுங்கள். 50ஐ, 50பி இரண்டும் இருந்தால் எப்போதும் 50பி. இல்லாவிட்டால் ஓடுகிற காளையின் கொம்பு ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வரும்.

இருட்டில் இந்தச் சின்ன சென்சார்கள் திணறும். ஆட்டோ ஸ்லோ ஷட்டர் என்று ஒன்றை மெனுவில் தேடி அணைத்துவிடுங்கள். வெளிச்சம் குறைந்ததும் அது ஷட்டரை 1/25க்கு இறக்கிவிடும், கையசைவெல்லாம் இழுபட்டுப் போகும். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு எல்இடி பேனல் வைத்துச் சரிசெய்யலாம். இழுபட்டதைச் சரிசெய்ய முடியாது. திருமலை நாயக்கர் மகால் மாதிரி இடங்களில் பிரச்சினை வேறு. தூண் நிழலில் ஆள், பின்னால் வெயில் கொட்டும் முற்றம். ஆட்டோவில் விட்டால் கேமரா முற்றத்தைப் பார்த்து முகத்தைக் கறுப்பாக்கிவிடும். முகத்துக்கு எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) வைத்துப் பூட்டிவிட்டுப் பிறகு ரெக்கார்டை அழுத்துங்கள். (மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமரா, போன் எதற்கும் அனுமதியில்லை, கதையில் கோயில் வந்தால் சித்திரை வீதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.)

சிஎக்ஸ்405இல் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற உயர்தரப் பதிவு முறையில் பதிய 64 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட, கிளாஸ் 10 மைக்ரோ எஸ்டிஎக்ஸ்சி கார்டு வேண்டும். நொடிக்கு 50 மெகாபிட் என்றால் மணிக்கு 22 ஜிபிக்குமேல் போகும். 64 ஜிபியில் இரண்டரை மணி நேரம் வரும். இன்னொரு பதிவு முறையான ஏவிசிஎச்டியில் எடுத்தால் நீண்ட காட்சிகள் துண்டு துண்டாகப் பிரிந்து பதிவாகும். அந்தத் துண்டுகளான எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் மொத்த ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள். இல்லையென்றால் துண்டுகள் சேரும் இடத்தில் ஒலி விட்டுப்போகும்.

சித்திரை வெயிலில் கேமராமேல் வெள்ளைத் துண்டை நனைக்காமல் போட்டு வையுங்கள். அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசல் புழுதி லென்ஸில் படிந்தால் அந்தத் துண்டால் துடைத்துவிடாதீர்கள். மணல் கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் புளோயரால் ஊதி, பிறகே மைக்ரோஃபைபர் துணி. ஐப்பசி மழை தொடங்கியதும் லென்ஸுக்குள் பூஞ்சை வரலாம். சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வைத்தால் பயமில்லை.

பழைய கேமராவைக் கையில் வாங்கியதும், திரையைப் பத்துத் தடவை திறந்து மூடித் திருப்புங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் உள்ளே திரைக்குப் போகும் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் பழுதாகிக்கொண்டிருக்கிறது. லென்ஸை மூடி ஒரு நிமிடம் பதிந்து, இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பெரிய திரையில் பாருங்கள். மைக் பின்னைச் சொருகி மெல்ல ஆட்டுங்கள். ஹெட்போனில் கரகரப்பு கேட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. கடைசியாக, முழு ஜூமில் தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பிடித்துப் பதினைந்து நொடி ஃபோகஸ் நிற்கிறதா என்று கவனியுங்கள்.