கண்ணைச் செய்தவர்களும் கண்ணை வாங்கியவர்களும்

2005 அக்டோபர் 8 அன்று அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய பாலைவனப் பந்தயத்தில், ஓட்டுநர் இல்லாமல் 132 மைலையும் ஓடி முடித்தவை ஐந்தே வண்டிகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி என்ற வண்டி ஜெயித்தது பலருக்கும் தெரியும். இரண்டாவது, மூன்றாவது இடங்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போயின. நான்காவதாக வந்த வண்டியைப் பற்றிப் பேச்சே காணோம். லூசியானாவின் கிரே இன்சூரன்ஸ் என்ற குடும்பக் கம்பெனி இறக்கிய ஃபோர்டு எஸ்கேப் ஹைபிரிட் அது. பெயர் கேட்-5. ஸ்டான்லிக்கு 36 நிமிடம்தான் பின்னால்!

அதே பந்தயத்தில் சப்-வூஃபர் ஸ்பீக்கர் செய்து விற்கும் டேவிட் ஹால், புரூஸ் ஹால் சகோதரர்களும் ஒரு டொயோட்டா டண்ட்ராவோடு வந்திருந்தார்கள். அது ஏறக்குறைய 25 மைலோடு நின்றுவிட்டது. இரண்டு குழுவுக்கும் பின்னால் பெரிய ரோபோ ஆய்வகம் கிடையாது. ஆனால் எதைச் சொந்தமாகச் செய்வது, எதைக் கடையில் வாங்குவது என்பதில் நேரெதிர் வழியில் போனார்கள்.

ஹால் சகோதரர்களின் கதை 2004-லேயே தொடங்குகிறது. முதல் பந்தயம் அது. இறுதிக்குத் தேர்வான 15 வண்டிகளில் எதுவும் எல்லையைத் தொடவில்லை; அதிகம் போனதே 7.4 மைல்தான். இவர்கள் இரட்டைக் கேமராவை நம்பினார்கள். நம் இரு கண்களைப் போல, இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் முறை. ஆறாவது மைலில், பழுதான வேறொரு வண்டியை இழுக்க வந்த மீட்பு வண்டிக்கு வழிவிட இவர்கள் வண்டியை நிறுத்தி வைத்தார்கள். மறுபடி கிளம்பியபோது கால்பந்து அளவுக் கல் ஒன்றில் சிக்கி, அங்கேயே ஆட்டம் முடிந்தது. எனக்கு அந்தக் கல்லை நினைத்தால் இன்றைக்கும் மனசு பதைக்கிறது.

மற்ற குழுக்கள் அப்போது பெரும்பாலும் வைத்திருந்தது சிக் நிறுவனத்தின் லேசர் பெட்டி. ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் கருவி. அது ஒரே ஒரு கோட்டைத்தான் பார்க்கும். இருட்டில் ஒற்றைக் குச்சியை இடவலமாக வீசித் துழாவுவது மாதிரி. குச்சிக்கு மேலேயோ கீழேயோ இருப்பது தெரியாது. டேவிட் ஹால் 64 லேசர்களை ஒரு உருளையில் அடுக்கி, வண்டியின் கூரைமேல் சுழலவிட்டார். சுற்றிலும் உள்ள மேடு, பள்ளம், கல் எல்லாம் ஒரே சுழற்சியில் வந்து விழும். 2005-இல் அவர் கொண்டுவந்தது இதைத்தான்.

கிரே குழுவோ அதே ஒற்றைக்கோட்டு சிக் பெட்டி இரண்டை வாங்கி, அவற்றை அசைய வைத்துப் பரப்பைத் துழாவினார்கள். ஸ்டீயரிங், பிரேக்குக்கு மாற்றுத்திறனாளிகள் கார் ஓட்டுவதற்காக ஏற்கெனவே விற்பனையில் இருந்த மின்கருவியைப் பொருத்தினார்கள். என்னைக் கேட்டால், இதுதான் அந்தப் பந்தயத்தின் மிகப் புத்திசாலித்தனமான கொள்முதல். மனித உயிரை நம்பி ஒப்படைக்கும் கருவி பாலைவனக் குலுக்கலில் கைவிடாது. வேறு சில குழுக்கள் மோட்டார், பெல்ட் என்று மாதக்கணக்கில் போராடிய இடம் அது.

அடுத்து இருப்பிடம். ஜிபிஎஸ்ஸோடு, வண்டி திரும்புவதை அளக்கும் சுழல்மானியையும் சேர்த்த கருவியை வாங்கினார்கள். மலிவான சாமான் இல்லை. ஆனால் பாதையில் மூன்று சுரங்கவழிகள் இருந்தன. உள்ளே போனால் ஜிபிஎஸ் செத்துவிடும். தான் எங்கே இருக்கிறோம் என்பதை வண்டி அந்தச் சில நொடிகளுக்கு நினைவில் வைத்திருந்தாக வேண்டும்.

கார்னகி மெலன் குழு பந்தயத்துக்கு முன்பே ஏராளமான வரைபட வேலை செய்து, பாதை கையில் கிடைத்ததும் ஆட்களை உட்காரவைத்து அதைத் திருத்தியது. அத்தனை ஆள்பலம் அமெச்சூர்களுக்கு ஏது? கிரே குழு டார்பா தந்த பாதைப் புள்ளிகளை வைத்துக்கொண்டு, மிச்சத்தை வண்டியே வழியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. இத்தனைக்கும் கத்ரீனா புயல் அவர்கள் ஊர்ப்பக்கம் கரையைக் கடந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை.

பெர்க்லியிலிருந்து வந்த மோட்டார் சைக்கிளையும் சிலர் சொல்வார்கள். அழகான துணிச்சல்தான். 2004-இல் சமநிலைக் கருவியை இயக்க மறந்ததால் புறப்பட்ட உடனே சாய்ந்தது. நிற்கவே ஒரு கணினி வேண்டும் என்ற வண்டியைப் புதிய குழுவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அப்படியானால் ஹால் தோற்றாரா? 2007-இல் நகரத் தெருவைப் போன்ற களத்தில் ஓட்டும் டார்பா பந்தயம் வந்தது. அதை முடித்த ஆறு வண்டிகளில் ஐந்தின் கூரையில் சுழன்றது அவர் விற்ற 64 லேசர் உருளை. ஆனால் அதற்குள் மின்னணுச் சாதனங்களைத் தன் கையால் செய்த பல வருட அனுபவம் அவருக்கு இருந்தது. அது இல்லாத கல்லூரிக் குழு அவர் வழியில் இறங்கினால் சென்சாரிலேயே ஆண்டு கழிந்துவிடும். வண்டி பட்டறையை விட்டு வெளியே வராது.

நான் குழு சேர்த்தால் முதல் ஆண்டு கிரே வழிதான். ஸ்டீயரிங் கருவியும் இருப்பிடப் பெட்டியும் வாங்கியது போக மிஞ்சும் நாளெல்லாம் வண்டியை மண்ணில் ஓட்டிப் பார்க்கவே செலவாகும்.